வேலுவின் வலது கை

டீ ஆறட்டும், ஐயா. சூடாகக் குடித்தால் எனக்கு ஆகாது. அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எண்பத்து நான்கில் எங்கள் கம்பெனி சுண்ணாம்புக்குளம் பக்கத்தில் ஓர் அறை கட்டியது. இறால் கருவாடு பூச்சி பிடிக்காமல் இருக்க, அனலில் உலர்த்திக்கொண்டே அதன்மேல் கதிர்வீச்சு பாய்ச்சுவார்கள். சூடு ஏறினால் சரக்கு கருகிவிடும். உள்ளே சூட்டை அளக்கும் கருவிகள் என் பொறுப்பு.

அனலும் கதிரும் சேர்ந்து தாக்கினால் எந்தக் கருவி தாங்கும்? மாதம் திரும்புவதற்குள் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். மூன்று வைத்தால் மூன்றும் மூன்று விதம். புதிது கேட்டால் மெட்ராஸ் இன்ஜினியர், "ஒயரை ஒழுங்கா மாட்டத் தெரியாதாய்யா உனக்கு?" என்பார். கேட்டுக் கேட்டு எரிச்சலில் எனக்குச் சோறு இறங்காது.

வேலு பக்கத்து மீனவக் குப்பமான பசியாவரத்துக்காரன். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிப்பவன், எங்களிடம் மூட்டையும் தூக்கினான். ஒருநாள் தொட்டியில் கை கழுவியவன், "காலையிலிக்கு இப்ப சூடு ஏறிக்கீது, கௌஸ் பாய்" என்றான். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காலையில் குறித்ததைவிட இரண்டே டிகிரி கூடியிருந்தது.

மறுநாளிலிருந்து நான்கு சட்டிகளில் வெவ்வேறு சூட்டில் வெந்நீர் வைத்து அவன் கையைப் பழக்கினேன். பிறகு கருவி நுழைக்கும் துளையைப் பெரிதாக்கி, அறை வேலை செய்யும்போதே கையை உள்ளே விடச் சொன்னேன்.

"ஒண்ணும் ஆவாதே பாய்?"

"வெறும் அனல்தாம்பா. இன்னா பயம்?"

அவன் கை சொன்னதை வைத்து மீட்டர்களைத் திருத்தினேன். இன்ஜினியரின் திட்டு நின்றது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சில வாரங்களில் விரல்கள் சிவந்து தோல் உரிந்தது. நகங்கள் கழன்றன. நான்கு சட்டியும் ஒரே சூடு என்றான். அவன் மனைவி சரோஜா கேட்டருகே வந்து அழுதாள். "சேத்துல கைய வச்சா இறால் இருக்குதா இல்லியானே தெரியலையாம் பாய். நாங்க இன்னாத்த துன்றது?" பாவமாகத்தான் இருந்தது. களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.

என் கையை ஏன் உள்ளே விடவில்லை என்கிறீர்கள். விட்டால் மீட்டரை யார் பார்ப்பது? கதிர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், ஐயா. கருவியே தாங்காததைக் கை தாங்கும் என்று நினைக்க நான் முட்டாள் இல்லை.

கொடுமைக்காரனும் இல்லை. கை பழுதானது தெரிந்ததும் அதோடு அந்தக் கையை விட்டுவிட்டேன். இடது கைக்குத்தான் மறுபடி முதலிலிருந்து சட்டி வைக்க வேண்டியிருந்தது.