குழாய்க்காரரின் வயலுக்கு இனி நான்

மேடையில் வீற்றிருக்கும் பாசனச் சங்கப் பெரியவர்களே, வேளாண் துறை அலுவலர்களே, மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு இந்த விதைக் கிடங்கு நிறைய அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே, உள்ளே இடமில்லாமல் வாசலில் நிற்கும் கடைமடைச் சொந்தங்களே! கனத்த மனதோடு உங்கள் முன் நிற்கிறேன்.

எவ்வளவு கூட்டம்! நான் போனால் இதில் பாதியாவது வருமா? உள்ளே நுழையும்போதே எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று முன்வரிசையில் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். அவர் இருந்தவரை அவர்மேல் எனக்குப் பொறாமை. இந்த ஊருக்கே தெரியும். அவர் போனபிறகும் அது போகவில்லை. என்ன செய்ய?

நம் ஆற்றுப்படுகை உழவர் ஆய்வுக் குழுவின் தலைவர், நம் எல்லோருக்கும் குழாய்க்காரர். அவர் தலைவராக இருந்த காலமெல்லாம் நான் துணைத் தலைவர். அந்தத் 'துணை'யின் பாரம் எனக்குத்தான் தெரியும்!

குழாய்க்காரர் என்று பெயர் வைத்தது யார்? நான்தான்! துளைபோட்ட குழாய்த் துண்டுகளை நெல் வயலில் புதைத்து, குனிந்து குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். மண்ணுக்குக் கீழே ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் இறங்கினால்தான் மடையைத் திறக்க வேண்டும் என்றார். "என்னய்யா, நெல்லுக்கு உறிஞ்சு குழல் வெச்சுக் குடுக்கிறியா?" என்று வாய்க்கால் கரையில் நின்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் கேலிக்கு வைத்த பெயர் அவருக்குப் பட்டமாகிவிட்டது. என் சொந்தச் சொல்கூட என் பக்கம் நிற்கவில்லை!

வயல் பார்க்க வெளியூர் உழவர்கள் வந்த நாளைச் சொல்கிறேன். என் சோதனை வயலில் கதிர் முற்றிய நல்ல பாத்தியாகப் பார்த்துக் காட்டினேன். அவர் என்ன செய்தார்? களை மண்டிக் கிடந்த பாத்திக்கு நேராக அழைத்துப் போனார்.

"இங்க நான் தோத்துட்டேன். தண்ணிய ரொம்ப முன்னாடியே வத்த விட்டேன், களை ஏறிடுச்சு. நீங்க இப்படிப் பண்ணிடாதீங்க" என்றார்.

நல்லதைக் காட்டிய என்னைத் தலையாட்டிவிட்டுக் கடந்து போனார்கள். கெட்டதைக் காட்டிய அவரைச் சுற்றி நின்று மாலைவரை கேள்வி கேட்டார்கள். இது நியாயமா, சொல்லுங்கள்!

வெளியூரை விடுங்கள். என் வீட்டில் என்ன நடந்தது?

"கீழ்வயலுக்குத் தண்ணி கட்டலாமான்னு குழாய்க்கார அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள் என் மனைவி.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

"நீங்க இருக்கீங்க, இல்லேங்கல. ஆனா அவர் பாத்துட்டுச் சொல்வாரு."

அன்று சாப்பிடாமல் எழுந்துபோனேன். சிரிக்காதீர்கள்! வயிறு எரிந்தவனுக்குத்தான் அது தெரியும்.

இந்தப் பருவத்தில்தான் அவர் பெரிய பந்தயமே கட்டினார். வாய்க்கால் தலைப்பில் இருக்கிற நாம், பயிர் பூக்கும் முன்பே நம் முறைக்கு வரும் தண்ணீரை ஒரு தடவை விட்டுக்கொடுத்தால், வாய்க்காலின் கடைசியில் காய்ந்து கிடக்கும் கடைமடைக்கு அது போய்ச் சேரும், நம் விளைச்சலும் குறையாது என்றார். குழுவில் அதை எதிர்த்தவன் நான். சரி, முதலில் தன் வயலில் செய்து பார்ப்பதாகச் சொல்லி நடவு செய்தார். பயிர் தூர் கட்டி நிற்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்துவிட்டார்.

மறுவாரம் அவர் மகள் என் மோட்டார் கொட்டகைக்கு வந்தாள்.

"சித்தப்பா, அறுவடைவரைக்கும் அப்பா வயலை நீங்கதான் பாத்துக்கணும்."

"உங்கப்பாவைத் தலையில வெச்சுக் கொண்டாட எத்தனையோ பேரு இருக்காங்களே. அவங்களைக் கேளும்மா."

"அவங்க என்ன விளைஞ்சாலும் அப்பா சொன்னதுதான் சரிம்பாங்க. நீங்கதான் தப்புத் தேடுவீங்க. நீங்க தேடியும் கிடைக்கலன்னாதானே மத்தவங்க நம்புவாங்க?"

அவள் பாராட்டினாளா, குத்திக்காட்டினாளா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஜெயித்தால் பெயர் அவருக்கு, தோற்றால் ஏச்சு எனக்கு! இப்படி ஒரு வேலையை எவனாவது ஏற்பானா? ஏற்றுக்கொண்டேன்.

நேற்று அவர் வயலுக்குத் தண்ணீர் முறை வந்தது. தண்ணீர் மடை வாயில் வந்து நின்றது. குழாய்க்குள் பார்த்தேன். வற்றியிருக்க வேண்டும், அவர் கணக்கு பொய்க்க வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டே பார்த்தேன், மறைக்கவில்லை. வற்றவில்லை. குச்சியை விட்டு அளந்தேன், நம்பாமல் கையை விட்டும் பார்த்தேன். ஒரு சாண் இறங்கவில்லை. வேரடியில் ஈரம் இருந்தது.

"திறக்கட்டுமா சித்தப்பா?" என்றாள் மடையருகே நின்ற அவர் மகள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாயிற்று! ஆனால் சொன்னேன். தண்ணீர் எங்களைத் தாண்டிக் கீழே போயிற்று. வாசலில் நிற்கிறவர்களின் காலைப் பாருங்கள். தண்ணீர் கட்டிவிட்டு, சேறுகூடக் கழுவாமல் வந்திருக்கிறார்கள். எனக்கு நன்றி சொல்லவா வந்திருக்கிறார்கள்? அவருக்கு!

குழாய்க்காரரே, உமக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பூக்கும் பருவத்தில் உம் வயலைக் காயவிட மாட்டேன். அறுத்து எடை போடும் நாளில் தராசு முள்ளை நானே பார்ப்பேன். அவையோரே, நீங்களும் வந்து என் பக்கத்தில் நின்று பாருங்கள். விளைச்சல் குறைந்தால், குறைந்தது என்று இந்த ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்வேன். குறையவில்லை என்றால், எனக்கு எவ்வளவு கசந்தாலும் சரி, அதையும் இதே ஒலிபெருக்கியில் இதே சத்தத்தில் சொல்வேன். அடுத்த பருவம் முதலில் விட்டுக்கொடுக்கும் தண்ணீர் என் வயலுடையதாக இருக்கும்!