பத்தடித் தட்டில் கட்டிய பந்தல் கயிறு

தெருச் சண்டைகளைத் தீர்த்தே தலை நரைத்து, இன்று தலைமை ஏற்றிருக்கும் சின்னச்சாமி ஐயா அவர்களே! பழங்காநத்தத்துப் பெரியோர்களே! பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே! அயல்நாட்டிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பி முபீன் அவர்களே! கணவர் சுலைமானை இழந்து, வெளியே வராமல் இத்தா இருப்பதால், எதிர்வீட்டுக்குள்ளிருந்தே இந்த ஒலிபெருக்கியைக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கை அஜ்மல் பீவி அவர்களே! கனத்த நெஞ்சோடு, கலங்கிய கண்ணோடு, கைகூப்பி நிற்கிறேன். பேச்சாளனாக அல்ல, குற்றவாளியாக நிற்கிறேன்.

சுலைமான் மறைந்து நாற்பது நாள். அவர் மாடியில் நிற்கும் பத்தடி டிஷ் தட்டை அறியாதார் உண்டா? அதன் நிழல் விழுந்து என் மாடியில் வத்தல் காயவில்லை என்று, அதை இறக்கச் சொல்லி மனுப் போட்டவன் இந்தச் செல்வக்குமார். சுலைமான் சண்டைக்கா வந்தார்? சிரித்துக்கொண்டு வந்தார். “அண்ணே, வத்தல எங்க மாடியில காயப் போடுங்க. தட்ட மட்டும் விட்ருங்க” என்றார்.

யாரப்பா அங்கே? அம்புட்டுப் பெரிய தட்டு எதுக்கு என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். அவர் மகன், நம் முபீன், வெளிநாட்டில் கால்பந்தாட்டங்களைப் படம்பிடிக்கும் கேமராக்காரர். அவருடைய தொலைக்காட்சி நம் கேபிளில் வராது. சின்னத் தட்டுக்கு எட்டாது. பெரிய தட்டில் எச்.டி.யில் வரும், புல்லின் நுனிகூடத் தெரியும். “கேமராக்காரன் முகம் அதுல தெரியாதேப்பா” என்றேன். “மொகம் போன்ல தெரியுதுண்ணே. எம் மகன் எதைப் பாக்குறான்னு இதுலதான தெரியும்” என்றார். அப்போதும் நான் மனுவைத் திரும்பப் பெறவில்லை.

விரற்கடை விலகினாலும் படம் போய்விடும். மேலே சுலைமான் திருப்புவார். கீழே டிவி முன்னிருந்து அஜ்மல் பீவி குரல் கொடுப்பார். “வந்துருச்சா?” “இல்ல!” “இப்ப?” “வந்துருச்சு!” தெருவே கேட்டிருக்கிறது.

சுலைமான் போன அன்று முபீனுக்கு விமானம் கிடைக்கவில்லை. போனில் அழுதபடி சொன்னார்: “அம்மா, சாயங்காலம் ஆட்டம் முடியும்போது டிவியப் பாருங்க. அத்தாவுக்காகக் கேமராவ ஒரு தடவ வானத்துக்குத் தூக்குவேன்.” துக்க வீட்டில் டிவியா என்று கேட்காதீர்கள் ஐயா! தகப்பன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத மகனுக்கு வேறு என்ன வழி இருந்தது?

ஆனால் திரை இருண்டு கிடந்தது. ஏன்? ஜனாஸா அடக்கத்துக்கு வந்தவர்களுக்காக மாடியிலிருந்து பந்தல் இழுத்தோம். அவசரத்தில் அந்தக் கயிற்றைத் தட்டின் தூணில் கட்டியது யார்? நான்! காற்று பந்தலை இழுக்க, பந்தல் தட்டை இழுத்துவிட்டது.

ஓடினேன் மாடிக்கு. அறுத்தேன் கயிற்றை. திருப்பினேன், திருப்பத் தெரியாமல் திருப்பினேன். “வந்துருச்சாம்மா?” “இல்லண்ணே!” “இப்ப?” “இல்லண்ணே!” உள்ளங்கை உரிந்தது. கடைசியில் குரல் வந்தது: “வந்துருச்சுண்ணே! போதும், எறங்குங்க!”

இறங்கி வந்து பார்த்தேன். திரையில் ஒன்றுமில்லை. அதன் முன்னால் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தார். “ஆட்டம் முடியிற நேரம் தாண்டிருச்சுண்ணே. நீங்களும் எம்புட்டு நேரம் நிப்பீங்க” என்றார். போன் அடித்தது. மகனிடம் சொன்னார்: “பாத்தேன்டா. தெளிவா இருந்துச்சு.”

தம்பி முபீன்! உலகம் பார்த்த அந்த வானத்தை உன் தாய் பார்க்கவில்லை. உன் கோபத்திலிருந்து என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. வெளியே சொல்லாதீர்கள் என்றார். நாற்பது நாள் சுமந்தேன், இனி முடியாது. என்னை மன்னித்துவிடு.

மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். தட்டு இறங்காது! நிழல் விழட்டும்! வத்தல் காயாமல் கிடக்கட்டும்! நீ திரும்பிப் போனதும், முதல் ஆட்டத்தில் இன்னொரு முறை அந்தக் கேமராவை வானத்துக்குத் தூக்கு. மாடியில் நான் நிற்பேன். தங்கை அஜ்மல் பீவி! அன்றைக்கு என்மேல் இரக்கப்படாதீர்கள். படம் வராமல் ‘வந்துருச்சு’ என்று சொல்லாதீர்கள். எவ்வளவு நேரமானாலும் நான் இறங்கமாட்டேன்.

என் பாரத்தைப் பொறுத்துக் கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி. வணக்கம்.