ரெண்டு பாதியும் சரி

கிட்ட வந்து உக்காருங்க சார். அங்க நின்னா நான் பேசுறது கேக்காது, தகரத்து மேல மழை புடிச்சுக்கிச்சு. நாற்காலி வேணாம், அது கால் ஊறிப்போய் ஆடுது. முன்னால வந்த ஆபீசரு அதுல உக்காந்து அப்படியே பின்னால சாஞ்சுட்டாரு. இந்தப் பலகையில உக்காருங்க. மருமக இப்பத்தான் துடைச்சுப் போட்டா. ஈரமா இருக்கா? காஞ்சிரும்.

ஷூவா? அத எடுத்து மேல அலமாரியில வெச்சிருப்பா. இந்த வீட்டுல எல்லாமே மேலதான் சார். அரிசி மேல, துணி மேல, எங்க வீட்டுக்காரரும் மேலதான். அய்யய்யோ, அந்த அர்த்தத்துல இல்ல! உள்ள பாத்தீங்கல்ல, கட்டிலுக்குக் கீழ செங்கல்லு அடுக்கி ஒசத்தியிருக்கு. ஒரு பக்கம் கை கால் வராது அவருக்கு. பல்லிக்கும் எனக்கும் ஒரே வீடுடின்னு படுத்துக்கிட்டே சிரிப்பாரு.

சரி, தெருவுல போட்ட மழைத்தண்ணிக் கால்வாய்க்கு வரேன். யாரும் திருடல சார். சத்தியமாச் சொல்றேன். கம்பி, சிமெண்டு எல்லாம் ஒழுங்காத்தான் போட்டாங்க. திருடியிருந்தா நாங்க பொழச்சிருப்போம். யாரையாவது புடிச்சு உள்ள போட்டுட்டு, மறுபடி கட்டிக் குடுத்திருப்பீங்க.

நடந்தது வேற. தெருவுல மேல் பாதி ஒரு நிதியாம், கீழ் பாதி வேற நிதியாம். ரெண்டு ஆபீசு, ரெண்டு காண்ட்ராக்டரு. மேல்பக்கத்து ஆளு அவன் முனையில ஆரம்பிச்சு எங்க வாசல் வரைக்கும் சரிவா இறக்கிட்டு வந்தான். கீழ்பக்கத்து ஆளும் அவன் முனையில ஆரம்பிச்சு எங்க வாசல் வரைக்கும் சரிவா இறக்கிட்டு வந்தான். ரெண்டு பேரும் இங்க நின்னு கை குலுக்கிட்டுப் போயிட்டாங்க. தண்ணி எங்க சார் போகும்? அழைக்காத விருந்தாளி மாதிரி ரெண்டு பக்கமிருந்தும் உள்ள வந்து உக்காந்துக்குது.

அதத்தான் நானும் சொல்றேன், உங்க பாதி சரிதான். நீங்க டேப்பு புடிச்சு அளந்தத நான் பாத்தேனே. அந்த ஆபீசுக்காரரும் இப்படித்தான் அளந்து, அவர் பாதி சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. நீங்களும் இன்னைக்குப் போட்டுட்டா முடிஞ்சுது. அப்புறம் நான் எந்த வாசல்ல போய் நின்னாலும், அது முடிஞ்சுபோன வேலைம்மான்னுதான் சொல்லுவாங்க. வித்துட்டுப் போகலாம்னா, பாக்க வர்றவன் செவுத்துக் கறையப் பாத்துட்டு டீயப் பாதியில வெச்சுட்டு எழுந்திருச்சுப் போறான். இவரத் தூக்கிக்கிட்டு வாடகை வீடு தேடினா, நோயாளிக்கு இல்லைங்கறான். இருக்கவும் முடியல, கெளம்பவும் முடியல.

மருமகளா? அவள வக்கீலம்மான்னுதான் கூப்பிடுவோம். படிப்பெல்லாம் இல்ல, வாய்தான். ரெண்டு ஆபீசுக்கும் நடையா நடந்தா. முன்னால வந்த அந்த ஆபீசர நிக்க வெச்சு, குடம் குடமா ஊத்திக் காட்டினா, எந்தப் பக்கம் ஓடுது பாருங்கன்னு. குடத்துத் தண்ணி மழையாகுமாம்மா, மழை பெய்யும்போது கூப்பிடுன்னாரு. மழை பெய்யும்போது கூப்பிட்டா, இந்த மழையில எப்படிம்மா வர்றதுன்னாரு.

சிரிங்க சார். நாங்களும் சிரிச்சோம், கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு.

இன்னைக்குக் காலையில மேகம் கறுத்துக்கிட்டு வர்றத அவ பாத்தா. உடனே உங்க ஆபீசுக்குப் போனப் போட்டு, மாமா பேருல எழுதிக் குடுத்த ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கறோம், அவரால நடக்க முடியாது, நீங்களே வந்து கைநாட்டு வாங்கிக்கங்கன்னுட்டா. அதுக்குத்தான நீங்களும் குடையக் கூட எடுக்காம ஓடி வந்தீங்க?

எழுந்திருக்காதீங்க. காலத் தூக்கி மேல வெச்சுக்கங்க, வாசப்படியத் தாண்டிருச்சு பாருங்க. அந்தா, உங்க பாதி அந்தப் பக்கமிருந்து வருது, அவங்க பாதி இந்தப் பக்கமிருந்து வருது. நல்லாப் பாத்துக்கங்க சார், அவசரமே இல்ல.

டிரைவரா? காரு நனையுமேன்னு அவதான் மேட்டுத் தெருவுல நிறுத்தச் சொல்லி அனுப்பி வெச்சா.

இப்ப எப்படிப் போவீங்க? கால்வாயும் தெருவும் ஒண்ணாயிருச்சு, எங்க ஆழம்னே தெரியாது. இனிமே பலகை போட்டாலும் மெதந்துரும். மழை விட்டாத்தான். விட்டாலும் வடியணுமே.

வரும்போது கால்வாயத் தாண்ட நடந்து வந்தீங்களே, அந்தப் பலகையா? நீங்க உள்ள குனிஞ்சு நின்னு கைநாட்டு கேட்டீங்கல்ல, இவரும் இந்தக் கையா அந்தக் கையான்னு இழுத்துக்கிட்டே இருந்தாரே, அந்த நேரத்துல அவ வாசலுக்குப் போய் அதத் தூக்கிட்டு வந்து, செங்கல்லு மேல போட்டு, முந்தானையால துடைச்சு, நீங்க உக்காரப் போட்டுட்டா.