ஒதுக்கி வெச்ச அட்டை

— அது என் வாயில வந்த வார்த்தை பாப்பா. அப்படியே எழுதி உங்க ஆபீஸ் செவுத்துல ஒட்டி வெச்சிருக்க.

— மெதுவா பேசுண்ணே. கடை வாசல்ல ஆள் நிக்குது.

— நிக்கட்டும். வழி கேக்க வந்திருப்பான். இந்தக் கடைக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்து பத்து நாளாச்சு.

— உன்னைப் பத்திச் சொல்லிட்டுத்தான் ஒட்டுனேன். எங்கண்ணன் முப்பது வருஷமா மெஷின் ரிப்பேர் பண்றவரு, அவரு சொன்னதுன்னு.

— என்னென்ன ஒட்டியிருக்க, சொல்லு.

— "முதல்ல தேயுற பாகம் கைக்கு எட்டுற மாதிரி முன்னாடி இருக்கணும்." "ஸ்க்ரூ எல்லாம் ஒரே அளவு." "கழட்டுறவனுக்கு மூணாவது கை கேக்கக் கூடாது."

— மெஷினைத் திட்டிக்கிட்டே சொன்னதும்மா அதெல்லாம். உனக்குப் பாடமா எடுத்தேன்?

— அதான் உருப்படியா இருந்துச்சு. இப்படி ஒவ்வொண்ணையும் ஒரு அட்டையில எழுதி வெச்சிருக்கோம். புதுசா ஒரு மெஷினை யோசிக்க உக்காந்தா, ஒவ்வொரு அட்டையா எடுப்போம். "மெஷினை விக்காதே, வாடகைக்கு விடு"ன்னு ஒரு அட்டை. அதுல வந்ததுதான் இந்தத் திட்டம். மெஷின் எங்களோடது, கெட்டுப்போனா தலைவலி எங்களுக்கு. அதனால இருபது வருஷம் ஓடுற மாதிரி செஞ்சோம். எவ்வளவு குப்பை குறைஞ்சிருக்கு தெரியுமா?

— நல்ல காரியந்தான், யாரு இல்லேன்னாங்க? இப்ப பெல்ட் போனா வீட்டம்மாவே மூடியைத் திறந்து மாத்திக்குது. என்கிட்டயே வந்து பெருமையா சொல்லிட்டுப் போகுது.

— எங்க கம்பெனியில உனக்கு வேலை கேட்டிருக்கேன். திரும்பி வர்ற மெஷினைப் பிரிச்சு வைக்கிற இடத்துல.

— பிரிச்சுப் பெட்டியில போடுறதுக்கு நான் எதுக்கு? ஒரு குரங்கைப் புடிச்சு விடு.

— இப்படிப் பேசுனா நான் என்னதான் பண்றது?

— ஒண்ணே ஒண்ணு சொல்லு. அத்தனை அட்டையில, இதனால யாரு பொழப்பு போகும்னு ஒரு அட்டைகூட இல்லையா?

— இருந்துச்சு.

— இருந்துச்சா?

— ஒரு அட்டைக்கு ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள யாருக்கும் ஒண்ணும் தோணலேன்னா ஒதுக்கிட்டு அடுத்ததை எடுக்கணும். அதுதான் எங்க முறை.

— அங்க உக்காந்திருந்த ஒருத்தருக்கும் ரிப்பேர்க்காரனையே தெரியாதாக்கும்.

— எனக்குத் தெரியுமேண்ணே. அந்த ரெண்டு நிமிஷமும் உன் மூஞ்சிதான் வந்துச்சு. சொன்னா திட்டம் நின்னு போயிடுமோன்னு வாயைத் திறக்கல. நான்தான் எடுத்து ஒதுக்கி வெச்சேன்.

— தள்ளி நில்லு. ஷட்டரை இறக்கணும்.

— இதைப் படிக்கிறவங்களுக்கு: அந்தத் தங்கச்சி நான்தான். அதுக்கப்புறம் அண்ணன் கடையும் திறக்கல, என்கிட்ட பேசவும் இல்ல. வர்ற திங்கக்கிழமை ஃபிரிட்ஜுக்கும் இதே மாதிரி திட்டம் யோசிக்க உக்காரப் போறோம். அந்த அட்டை திரும்ப என் கைக்கு வரும். அப்ப நான் என்ன சொல்லணும்? திட்டாம, யோசிச்சுப் பதில் போடுங்க.