கொடிப்பந்தல்

ராசாக்கமாரு ஆண்ட காலத்துல வெள்ளிமுனைன்னு ஒரு துறைமுகப் பட்டணம் இருந்துச்சாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ராசாவோட சீமை. ராசாவுக்கு அடங்கின ஊருதான். ஆனா சுங்கம் அவங்களே வாங்குவாங்க, வழக்கு அவங்களே தீப்பாங்க, தலைவரையும் அவங்களே தேர்ந்தெடுப்பாங்க. பூட்டன் காலத்துலயே அப்ப இருந்த ராசா எழுதிக் குடுத்த உரிமை அது.

அந்த ஊர்ல தாண்டவர், தாண்டவர்னு ஒருத்தர். கப்பலுக்குப் பாய் தைக்கிறவர். அவர் மெதுவாப் பேசினாலே மூணு தெருவுக்குக் கேக்குமாம்.

புதுசாப் பட்டத்துக்கு வந்த ராசா, "இனிமே உங்க தலைவரை நான்தான் அனுப்புவேன்"னு ஓலை விட்டான். ஊரே கொதிச்சுப் போச்சு. சபையில மொதல்ல எந்திரிச்சது தாண்டவர்தான்.

"கப்பல் இருக்கு, ஆள் இருக்கு. நமக்கு எதுக்கு ராசா? தனி நாடாயிடுவோம்."

சபையும் சரின்னுச்சு. கொடி தைக்கிற வேலை அவருக்கே வந்துச்சு. நடுக்கடல்லருந்து பாத்தாலும் தெரியணும், அம்புட்டுப் பெருசு.

துணி காரைக்குளத்துலருந்து வரணும். எல்லைக்கு அந்தப் பக்கம், ராசா சீமையில இருக்கிற நெசவாளர் ஊரு. தாண்டவரோட தங்கச்சி நாகாயியைக் கட்டிக் குடுத்ததும் அங்கதான். அவளே வண்டியில துணி கொண்டாந்தா. அண்ணன் தைக்கிறதைக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாளாம்.

"ஏண்ணே, சண்டை வருமா?"

"வந்தா வரட்டும்."

"வந்தா ராசா உன் மச்சான் கையிலதான் ஈட்டியைக் குடுத்து அனுப்புவான். எல்லையோரத்து ஊருன்னா எங்க ஊருதானே?"

தாண்டவருக்கு அதுக்கப்புறம் ஊசி ஓடலையாம். எப்படியோ தைச்சு முடிச்சாரு. சபைக்குப் போனாரு.

"தனி நாடாக முடியுமான்னா, முடியும். ஆகலாமான்னுதான் இப்ப எனக்குத் தெரியல. ஒரு தடவை ராசாவை நேர்ல போய்க் கேட்டுட்டு வாரேன். அவன் மாட்டேன்னா நானே கொடியை ஏத்துறேன்."

"பயந்துட்டான்"னு நாலு பேரு சொன்னாங்க. மனுசனுக்கு அது சுருக்குன்னு தைச்சுச்சு. கொடியை மடிச்சுத் தலையில வச்சாரு, நடந்தாரு. நடந்தாரு, நடந்தாரு, மூணு நாள் நடந்தாரு.

அரண்மனையில ராசா கேட்டானாம், "தலையில என்ன மூட்டை?"

"கொடிங்க. நீங்க சொல்ற பதிலைப் பொறுத்து, ஏத்தணும், இல்லேன்னா பந்தல் போடணும்."

மந்திரிமாரு ஆளைப் புடிச்சுக் கட்டச் சொன்னாங்க. ராசா கையமத்தினான். "உங்களுக்கு என்னதான்யா வேணும்?"

"எங்க தலைவரை நாங்க தேர்ந்தெடுக்கணும். அது போதும். நீங்க எங்க ராசாவாவே இருங்க. சண்டை வந்தா என் மச்சானும் நானும் எதிரெதிரா நிக்கணும். அதை என்னால தைக்க முடியாதுங்க."

ராசா ரெண்டு நாள் யோசிச்சான். மூணாம் நாள் பழைய உரிமையைத் திரும்ப எழுதிக் குடுத்தான்.

தாண்டவர் எல்லைக்கு வந்து சேந்தப்ப, என்ன ஆச்சோன்னு ரெண்டு பக்கத்துச் சனமும் கொளுத்துற வெயில்ல காத்துக் கெடந்துச்சு. ஓலையைக் காட்டினாரு. கொடியை விரிச்சாரு. பட்டணத்தாளு ரெண்டு முனையைப் புடிக்க, காரைக்குளத்தாளு ரெண்டு முனையைப் புடிக்க, பந்தலாப் போட்டாங்க. எல்லாரும் அதுக்கடியில உக்காந்து கூழு குடிச்சாங்களாம்.

அன்னையிலருந்து அந்த எடத்துக்குக் கொடிப்பந்தல்னு பேரு. இன்னைக்கும் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது அங்க பந்தல் போட்டுத்தான். ரெண்டு பந்தக்காலு பட்டணத்தாளு நடணும், ரெண்டு காலு காரைக்குளத்தாளு நடணும்.

தாண்டவர் அன்னைக்குக் கொடியை ஏத்தியிருக்கணும்னு சொல்றவங்க இன்னமும் இருக்காங்க. வருசா வருசம் சொல்லத்தான் செய்றாங்க. அந்தப் பந்தல் நெழல்ல உக்காந்துக்கிட்டுத்தான் சொல்றாங்க.