தண்டின் மூலை

லேத் ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் போதும், ஐயா. பயம் தெளியத்தான் நாளாகும். கஜகஸ்தானின் கரகண்டா நிலக்கரிச் சுரங்கங்களின் பழுதுபார்ப்புப் பட்டறையில் முப்பத்தொரு வருடமாக என் இயந்திரத்துக்கு வந்த எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். கம்ஷாத்திடமும் சொன்னேன்.

அவளுக்கு நாற்பத்தைந்து வயது. அளவறைக்காரி. நாங்கள் கடைந்து அனுப்புவதை மைக்ரோமீட்டரால் அளந்து முத்திரை அடிப்பாள். ஓடும் இயந்திரத்தின் முன் அவள் நின்றதே இல்லை.

அக்டோபரில் மூன்றாவது சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டு அறுந்து விழுந்தது. இரண்டு பேர் செத்தார்கள். கூண்டைக் கம்பிவடத்தோடு இணைக்கிற தண்டு முறிந்திருந்தது. பழைய இரும்பு என்று விசாரணைக் குழு எழுதியது. நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். ஐந்தாம் நாள் காலையில் கம்ஷாத் ஒரு துணியில் எதையோ சுற்றி எடுத்துவந்து என் மேசையில் வைத்தாள்.

"எசென்பெக் அண்ணே, இந்த மூலையில விரல வெச்சுப் பாருங்க."

முறிந்த தண்டின் பாதி. பருமன் குறைகிற இடத்தில் மூலை வளைவாக இருக்க வேண்டும். கூராக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அது கத்தி முனை போலிருந்தது. தொடாமலே எனக்குத் தெரியும். அதைக் கடைந்தது நான்.

என் இடது கண்ணில் இரண்டு வருடமாகப் புரை. வலது கண்ணிலும் பனி விழ ஆரம்பித்திருந்தது. வருடாந்திரப் பரிசோதனையில் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துகளை மனப்பாடமாக ஒப்பித்துத் தப்பித்துவந்தேன். அந்தத் தண்டில் மூலை வளைவாக வர, முனை மழுங்கிய வெட்டு டூலை மாட்டியதாக நினைத்தேன். மாட்டியது கூர் டூல்.

"யார் கடைஞ்சதுன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

"கடைஞ்சவரோட நம்பர் அடிச்ச இடத்துலயே முறிஞ்சிருக்கு, அண்ணே. படிக்க முடியல." அவள் தண்டைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு லேத் கத்துக்குடுங்க. ரெண்டு தண்டு கடையணும். ஒண்ணு வளைவோட, ஒண்ணு கூரா. குழு முன்னாடி ரெண்டையும் முறிச்சுக் காட்டுறேன். வேற யாரையாவது கடையச் சொன்னா நிர்வாகத்துக்காரங்க மிரட்டி நிறுத்திடுவாங்க."

"இந்த வயசுலயா?"

"ஏன், உங்க லேத்துக்குப் புதுப் பொண்ணுதான் வேணுமாக்கும்?"

இருவரும் சிரித்தோம்.

அந்த நாட்களில் எனக்கிருந்த பயத்தையும் இந்த வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பட்டறைக் கதவு திறந்தால் காவலர்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டு அறையில் யாராவது "கூண்டு" என்றால் பாதி ரொட்டியோடு எழுந்துவிட்டேன். செத்தவர்களில் ஒருவனான துலெகெனின் அப்பா எங்கள் தெருவில்தான் இருக்கிறார். அவர் வணக்கம் சொல்வார் என்று பயந்து சுற்றுவழியில் வீட்டுக்குப் போனேன்.

இருந்தும் அவளுக்கு ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்தேன். சக் என்ற கவ்வியில் இரும்பை மையம் பார்த்துப் பிடிப்பது, இறுக்கிய சாவியை உடனே கழற்றுவது, சுருண்டு வரும் சீவலைக் கையால் தொடாமல் கொக்கியால் இழுப்பது. கெட்டிக்காரி. பத்தாம் நாள் இரண்டு தண்டுகளும் அளவுக்கு வந்துவிட்டன. உப்புத்தாள் போட்டு மெருகேற்றுவதுதான் பாக்கி.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. ஓடும் லேத்தில் கையுறை கூடாது, நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும். சுவரில் அதற்கென்று ஒரு பலகை உண்டு. பதினோராம் நாள் காலை, சூடேற்றும் வெந்நீர்க் குழாய் வெடித்துப் பட்டறை உறைந்துபோயிருந்தது. மேற்பார்வையாளர் ஹென்ரிக் கொதிகலன் அறைக்கு ஓடியிருந்தார். நான் கோட்டைக் கழற்றி அந்தப் பலகையின் மேல் மாட்டினேன். அந்தக் குளிரில் கோட்டைக் கழற்றியது நான் ஒருவன்தான்.

கம்ஷாத் விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள். என் மனைவி ஒட்டக ரோமத்தில் பின்னிய கையுறைகளைக் கொடுத்தேன்.

"அண்ணிக்கு நல்ல கை. எவ்வளவு கதகதன்னு இருக்கு!" என்றாள்.

"உப்புத்தாளை நல்லா சுத்திப் பிடிம்மா. அப்பதான் பளபளன்னு வரும்" என்றேன்.

அப்படிச் சுற்றியும் பிடிக்கக் கூடாது.

இயந்திரத்தை ஓட்டிவிட்டது அவள்தான். நான் எதையும் தொடவில்லை. சிவப்பு நிறுத்துப் பொத்தான் என் பக்கம் இருந்தது. என் விரல் முன்பே அதன் மேல் இருந்தது. கையுறை சிக்கியதும் அவள் என்னைத்தான் பார்த்தாள். "அண்ணே" என்று ஒரு முறை கூப்பிட்டாள். அவள் சத்தம் அடங்கிய பிறகு அழுத்தினேன். பயத்தில் விரல் மரத்துவிட்டது என்று ஹென்ரிக்கிடம் சொன்னேன். மரத்தது உண்மை. ஆனால் அழுத்த முடியாத அளவுக்கு இல்லை.

ஆட்கள் ஓடிவருவதற்குள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் கடைந்த இரண்டு தண்டுகளும் முறிந்த பாதியும் அன்று மாலையே உருக்காலைக்குப் போகும் கழிவு வண்டியில் போயின. கம்ஷாத் அவசரப்பட்டு விதியை மீறியதால் இறந்தாள் என்று விபத்து அறிக்கையில் எழுதப்பட்டது. அவள் வீட்டு ஏழாம் நாள் துக்க விருந்தில் நான் இறைச்சி பரிமாறினேன். அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குப் பொறுமையா சொல்லிக்குடுத்தீங்களாமே, மாமா" என்று அழுதாள். அப்போதும் பயமாக இருந்தது. இரவில் யாரோ "அண்ணே" என்கிறார்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நேற்று நீங்கள் அவளுடைய பெட்டியில் கிடைத்த நோட்டிலிருந்து ஒரு பக்கம் வாசித்தீர்கள். தண்டு என்னுடையது என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "எசென்பெக் அண்ணனுக்குக் கண் தெரியவில்லை. அவரைத் தண்டிக்க வேண்டாம், கண் அறுவைக்கு அனுப்புங்கள். மூலையைப் பார்க்காமல் முத்திரை அடித்தது நான். குற்றம் என் பேரில் இருக்கட்டும்" என்று குழுவுக்கு எழுதி வைத்திருக்கிறாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை, ஐயா. பத்து நாள் ஒரே மேசையில் தேநீர் குடித்தோம். இந்த ஒரு வார்த்தையை அவள் என்னிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து வரும் என்று அவளுக்குத் தெரியாதா?