மூத்தவளை ஓட்டினவர்

இல்லம்மா, படம் எப்படின்னு ஒரே வார்த்தையில சொல்லுங்கன்னா எனக்கு வராது. பத்துக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டாலும் வராது. அந்தக் குச்சியைக் கொஞ்சம் கீழே இறக்கேன், போன் மூஞ்சிக்கு நேரா நின்னா எனக்குப் பேச்சே வரமாட்டேங்குது. ஆங், இப்படி இருக்கட்டும்.

எனக்கு முன்னாடி நீ கேட்டியே, அந்தக் காலேஜ் பசங்க, அவங்க சொன்னதை நானும் கேட்டுக்கிட்டுதான் நின்னேன். ஒருத்தன் கொட்டாவி விட்டே தாடை வலிக்குதுன்னான். இன்னொருத்தன், கார் கம்பெனிக்காரர் கதைன்னு கூப்பிட்டுட்டு ரெண்டரை மணி நேரத்துல பத்து நிமிஷம்தான் காரைக் காட்டினாங்க, மீதியெல்லாம் முதலாளி மாடியில நின்னு யோசிக்கிறாருன்னான். சரியாத்தான் சொன்னான். அந்த மாடியில நிக்கிற சீனு வந்தப்போ எனக்குப் பின்னாடி சீட்ல ஒருத்தர், சார் சீக்கிரம் யோசிங்க, பஸ் போயிடும்னு கத்தினாரு. தியேட்டரே சிரிச்சுது. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, பொய் சொல்லமாட்டேன்.

கண்ணாடி போட்ட பையன் ஒருத்தன் சொன்னான் பாரு, இஞ்சின் சத்தம் தப்புன்னு. அவன்தான்மா படத்தை ஒழுங்கா பாத்தவன். படத்துல அந்த முதல் வண்டி புலி மாதிரி உறுமுது. நிஜத்துல அது சளி பிடிச்ச கிழவன் மாதிரி ரெண்டு தடவை கனைச்சிட்டுத்தான் கிளம்பும். மூணாவது தடவையும் கனைச்சா அன்னிக்கு நகராதுன்னு அர்த்தம்.

சீட்டும் தப்பு. பளபளன்னு தோல் சீட்டு காட்டுறாங்க. அது கரும்பச்சை ரெக்சின். ஓரத்துல ரெட்டைத் தையல். படத்துல ஒத்தைத் தையல் ஓடுது. முதலாளி பாத்திருந்தா பிரிச்சுட்டு வான்னு திருப்பி அனுப்பியிருப்பாரு.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் தைச்ச சீட்டும்மா அது.

ஆமா. அந்த ஃபேக்டரியில தையல் பிரிவுல பன்னெண்டு பொம்பளைங்க இருந்தோம். எனக்கு அப்போ இருபத்திரெண்டு வயசு. முதல் வண்டிக்கு சீட்டு தைக்க என்னைத்தான் உக்கார வெச்சாங்க, கை நேரா ஓடும்னு. ரெக்சின் ஓரத்துல கயிறு வெச்சுத் தைக்கிற இடத்துல ஊசி படக்கு படக்குன்னு ஒடியும். நாலு சீட்டு முடிக்கிறதுக்குள்ள பதினேழு ஊசி ஒடிச்சேன். அந்த வண்டிக்குப் பேரு வெக்கிறதுக்கு முன்னாடியே நாங்க மூத்தவள்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டோம். வீட்டுக்கு முதல் பொண்ணு மாதிரி. மூத்தவ இன்னிக்கு எப்படி இருக்கா, மூத்தவளுக்கு இன்னும் கதவு மாட்டலையா, இப்படித்தான் பேசிக்குவோம்.

முதலாளி நல்லவர்தாம்மா. படம் நல்லா இல்லைங்கிறதுக்காக செத்துப்போன மனுசனைக் குறை சொல்லக்கூடாது. கோபக்காரரு, கஞ்சத்தனம் கொஞ்சம் உண்டு. ஆனா அடுத்தவன் செஞ்சதைத் தான் செஞ்சேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தப் படத்தை அவர் பாத்திருந்தா பாதியிலயே எழுந்து வந்திருப்பாரு.

எந்த சீனைச் சொல்றேன்னா, அந்த இறக்கத்து சீன். எல்லாரும் விசில் அடிச்சாங்களே, அதுதான். முதலாளி முதல் தடவையா வண்டியை எடுத்துக்கிட்டுச் சரிவுல வர்றாரு, பிரேக் பிடிக்கலை, ஹாரனை அழுத்திக்கிட்டே வர்றாரு, குறுக்க ஒரு நாய்க்குட்டி வருது, அதைக் காப்பாத்த வண்டியைச் சுவத்துல உரசி நிறுத்துறாரு. நெத்தியில மட்டும் அழகா ஒரு கீறல். அந்த நடிகை ஓடி வந்து கைக்குட்டையால துடைக்கிறா. உடனே பாட்டு.

முதலாளிக்கு வண்டியே ஓட்டத் தெரியாதும்மா!

சிரிக்காத, நிஜம். அவ்வளவு கார் செஞ்ச மனுசன், கடைசி வரைக்கும் பின் சீட்லதான் உக்காந்து வந்தாரு. ஓட்டினது எங்க வீட்டுக்காரர்.

ஆமா, என் புருசன். அங்க டெஸ்ட் டிரைவர். ஃபேக்டரியில அவருக்கு ஆமைன்னு பட்டப்பேரு. வண்டியில உக்காந்தா காத்து. அதுவே வேலை முடிஞ்சு சைக்கிள் எடுத்தாருன்னா, நடந்து போறவன் அவரைத் தாண்டிப் போவான். கேட்டா, சம்பளம் வாங்கித்தான் வேகமாப் போறேன், சும்மா எதுக்குப் போகணும்பாரு.

அன்னிக்கு மத்தியான சாப்பாட்டு மணி அடிச்சுது. நாங்க பன்னெண்டு பேரும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கிட்டு, கதை பேசிக்கிட்டே, தையல் கொட்டகைக்குப் பின்னாடி இருக்கிற இறக்கத்து ரோட்டைக் குறுக்க கடந்தோம். மேல இருந்து மூத்தவ வர்றா. ஹாரன் எங்க இருந்து அடிக்கிறது? அப்போ ஹாரனே மாட்டலை! பிரேக் எண்ணெய்க் குழாய் விட்டுப்போச்சு. கைபிரேக்கை இழுத்தாரு, கம்பி கையோட வந்துடுச்சு. தலையை வெளிய நீட்டி, கதவை டம டமன்னு தட்டிக்கிட்டே, ஓடுங்க ஓடுங்கன்னு கத்திக்கிட்டே வர்றாரு. நாங்க ஓடலைம்மா. பயத்துல கால் நகருமா? மரம் மாதிரி நின்னோம்.

இடது பக்கம் ஸ்டோர் சுவரு. அவர் வண்டியை அதுல சாய்ச்சாரு. நெருப்புப் பொறி பறக்குது. கண்ணாடி போச்சு, கைப்பிடி போச்சு, பாதி சுவர் நீளத்துக்கு உரசிக்கிட்டே வந்து, கடைசியில இருக்கிற தூண்ல மோதி நின்னுச்சு. எனக்கும் அதுக்கும் நடுவுல இந்த பெஞ்சு நீளம்தான் இருந்திருக்கும்.

அவர் வலது கால் உள்ள மாட்டிக்கிச்சு. ஆம்பளைங்க நாலு பேர் வந்து இழுக்கிறாங்க, வரலை. இழுக்க இழுக்க அவர் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுக்குது. எனக்கு அந்த சீட்டு தெரியும் இல்லையா, எங்க தையல், எங்க பஞ்சுன்னு. இடுப்புல நூல் வெட்டுற கத்திரி எப்பவும் தொங்கும். உள்ள புகுந்து சீட்டோட முன் ஓரத்தைக் கிழிச்சு, பஞ்சை வாரி வெளிய போட்டேன். ரெண்டு விரக்கடை இடம் கிடைச்சுது. கால் வந்துடுச்சு.

அந்த வலியிலயும் மனுசன் கிழிஞ்ச சீட்டைப் பாத்து என்ன சொன்னாரு தெரியுமா? அய்யோ, நல்ல தையலாச்சேன்னாரு.

அதுதான் அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை. அப்புறம் மூணு மாசம் ஆஸ்பத்திரி. நான் போகாம இருப்பேனா? அடுத்த வருசமே கல்யாணம். அன்னியிலிருந்து எனக்குப் பேரே கத்திரிதான். கத்திரி, தண்ணி கொண்டா. கத்திரி, கண்ணாடியை எங்க வெச்சேன். எங்க பொண்ணு சின்னவளா இருக்கிறப்போ, அம்மா பேரு என்னன்னு ஸ்கூல்ல கேட்டதுக்கு கத்திரின்னு சொல்லிட்டு வந்தா. நாப்பத்தி நாலு வருசம்மா. ஒரு நாள்கூட என்னை வேற பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லை.

டைரக்டருக்கு இது தெரியுமாவா? தெரியாம என்ன? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வீட்டுக்கே வந்தாரு. மூணு சாயங்காலம். கூட ஒரு பொண்ணு உக்காந்து எல்லாத்தையும் எழுதிக்கிச்சு. எங்க வீட்டுக்காரர் கோர்வையா சொன்னாரு, சுவரோட நீளத்தை அடி கணக்குல சொன்னாரு. நான் கத்திரி கதையைச் சொன்னேன். டைரக்டர் கண்ணு கலங்கிட்டாரு. அம்மா, இதுதான் என் படத்துக்கே உயிருன்னாரு. என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரும்மா.

இப்போ பாத்தா பன்னெண்டு பொம்பளைக்குப் பதிலா ஒரு நாய்க்குட்டி.

எங்க வீட்டுக்காரர் படத்துல இருக்காரான்னு கேக்குறியா? இருக்காரு. மழை சீன்ல முதலாளிக்குக் குடை பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் பின்னாடியே ஓடுறானே, அவனை யாரோ டேய் ஆமைன்னு கூப்பிடுறாங்க. குடை காத்துல மடங்கிக்குது. எல்லாரும் சிரிக்கிறாங்க. அவ்வளவுதான்.

கேஸ் எல்லாம் எதுக்கும்மா. யார் மேல போடுறது? மேல போன முதலாளி வந்து சாட்சி சொல்வாரா? அதுவும் இல்லாம, பேருக்காக நான் இந்தப் படத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கலை. பேரு வந்து என்ன, அதை வெச்சுக் குழம்பா வெக்க முடியும்? நான் காத்திருந்ததுக்குக் காரணமே வேற.

அந்த டைரக்டர் வந்துட்டுப் போன ஆறாவது மாசம், சைக்கிள் சாவியைக் காணோம்னு வீடு பூரா தேடினோம். மாவு டப்பாவுல கிடந்துச்சு. சரி, வயசாச்சுன்னு விட்டேன். அப்புறம் ஒரு நாள் முடி வெட்டப் போனவரு வீட்டுக்கு வழி தெரியாம தெருமுனையிலயே நின்னாரு. அப்புறம் பொண்ணோட பேரு போச்சு. போன்ல அவ அப்பா அப்பான்னு அழுறா, இவர் ராங் நம்பர்னு சொல்லிட்டு என்கிட்ட கொடுக்கிறாரு. டாக்டர் சொன்னாரு, கிட்டத்துல நடந்ததுதான் முதல்ல போகும், ரொம்பப் பழசு கடைசி வரைக்கும் உள்ள இருக்கும், பழைய பொருளை, பழைய போட்டோவைக் காட்டுங்கன்னு. என்கிட்ட எங்க இருக்கு? இருந்த ஒரு கல்யாண போட்டோவும் ஒழுகல்ல நனைஞ்சு ஒட்டிக்கிச்சு.

ஆனா டாக்டர் சொன்னது நிஜம்தாம்மா. மூத்தவளைப் பத்திக் கேட்டா இப்பவும் கியரு எப்படி விழும்னு கையாலேயே செஞ்சு காட்டுவாரு. அப்பதான் எனக்குத் தோணுச்சு. இந்த நரைச்ச தலையை அவருக்கு அடையாளம் தெரியலை, சரி. ஆனா அந்த இறக்கமும், அந்தச் சுவரும், கத்திரியோட ஓடி வர்ற ஒரு பொண்ணும் கண்ணுக்கு முன்னாடி பெருசா வந்தா? அவளைத் தெரியும் இல்லையா அவருக்கு? அவளைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்ட வந்து சேர்ந்துட மாட்டாரா?

மூணு தடவை தேதி தள்ளி வெச்சாங்க. ஒவ்வொரு தடவையும், இன்னும் கொஞ்ச நாள் போயிடுமே, அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் மறந்துடுவாரேன்னு காலண்டரையே பாத்துக்கிட்டு இருப்பேன். இன்னிக்குக் காலையில குளிப்பாட்டி, நீலச் சட்டையைத் தேய்ச்சுப் போட்டு, முதல் ஷோவுக்கே கூட்டிட்டு வந்துட்டேன்.

ஆமா, கூட்டிட்டு வந்தேன். அந்த சீன் வந்துச்சு. அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன். வண்டி மேல இருந்து கிளம்பினதும் மனுசன் சீட்டு நுனிக்கு வந்துட்டாரு. கீழ பாக்குறேன், வலது கால் தரையை அழுத்துது. பிரேக்கைம்மா! அந்த உடைஞ்ச காலு, அழுத்து அழுத்துன்னு அழுத்துது. வந்துட்டாரு, இதோ வந்துட்டாருன்னு நினைச்சேன்.

அப்பதான் முதலாளி மூஞ்சியைக் காட்டினாங்க. நாய்க்குட்டி வந்துச்சு. கைக்குட்டையோட அந்த நடிகை வந்தா.

காலு நின்னுடுச்சு. எல்லாரும் கை தட்டினதும் அவரும் தட்டினாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, முதலாளி எப்படி ஓட்டினாரு பாத்தீங்களா, அன்னிக்கு நான் அங்கதான் குடை பிடிச்சுக்கிட்டு நின்னேங்கன்னாரு. மரியாதையா, பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட பேசுற மாதிரி.

சந்தோசமா இருக்கிற மனுசனை உலுக்கி, இல்லைய்யா அது நீதான்னு சண்டையா போடுறது? ஆமாங்க, நல்லா ஓட்டினாருன்னு சொன்னேன்.

நீ அழாதம்மா, வேலை நேரத்துல. அதோ பாரு, பாப்கார்ன் விக்கிற இடத்துக்குப் பக்கத்துல நாற்காலியில, நீலச் சட்டை. அவர்தான். போய்க் கேளு, தாராளமா பேசுவாரு. படம் எப்படின்னு கேட்டா பத்துக்குப் பத்துன்னு சொல்வாரு, உனக்கும் ஒருத்தராவது நல்லா இருக்குன்னு சொன்ன மாதிரி ஆகும். கூட வந்திருக்கிறது யாருன்னு மட்டும் கேட்டுடாதம்மா. டிக்கெட் கிழிக்கிறவரு காலையில கேட்டுட்டாரு. இவர் என்னையே ரொம்ப நேரம் பாத்தாரு, யோசிச்சாரு, அப்புறம், தெரியலைங்க, பாவம், யாருக்காகவோ காத்திருக்காங்க போலன்னாரு.